எங்கள் பல்கலைக்கழகத்து விசாகா கமிட்டி: ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்

எதைப் பயன்படுத்தினாலும் அதைப் பற்றி நாலு வரி எழுதிவைப்பது என் பழக்கம். ஹெட்போன், விடுதி வாட்டர் ஹீட்டர், ரயில் நிலையத்து ஓய்வறை என்று எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறேன். முகம் தெரியாத யாரோ எழுதிய குறைகளைப் படித்துவிட்டுத்தான் நான் எதையும் வாங்குவேன், அதனால் இது திருப்பிச் செய்கிற மொய் மாதிரி. ஆனால் போன வருடம் என் நேரத்தை மிக அதிகமாக வாங்கிக்கொண்ட சேவையைப் பற்றி எங்கேயும் ஒரு வரி கிடைக்கவில்லை. புகார் கொடுப்பது எப்படி என்று கையேடுகள் இருந்தன. கொடுத்த பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. சரி, நானே எழுதிவிடுகிறேன்.

சேவையின் பெயர் உள்ளகப் புகார்க் குழு, பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிப்பது. சுற்றறிக்கையில் ஐசிசி என்று வரும். வளாகத்தில் எல்லோர் வாயிலும் விசாகா கமிட்டிதான். ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவி 1992-ல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். அதைத் தொடர்ந்து பெண்கள் அமைப்புகள் போட்ட வழக்கில் 1997 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் பெயர் அப்படியே கமிட்டிக்கு ஒட்டிக்கொண்டது. எங்கள் துறை அலுவலக அண்ணா ஒருவர் விசாகா என்பது கமிட்டித் தலைவியின் பெயர் என்றே நம்பிக்கொண்டிருந்தார். "விசாகா மேடம் இன்னும் உங்களைக் கூப்பிடலையா?" என்று ஒருநாள் அக்கறையாகக் கேட்டார். அந்த மாதத்தில் நான் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

நான் பிஎச்டி நான்காம் ஆண்டு. புகார், ஓர் ஆசிரியர் மேல். சம்பவத்தைப் பற்றி இதற்கு மேல் இங்கே எதுவும் இருக்காது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, புகாரில் என்ன இருந்தது, விசாரணையில் என்ன பேசப்பட்டது, என்ன பரிந்துரைத்தார்கள் என்று எதையும் வெளியே சொல்லக் கூடாது என்கிறது. யார் என்று காட்டிக்கொடுக்காமல், நீதி கிடைத்தது என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளலாம். எனவே நான் எழுதப்போவது வாசல், படிவம், பெஞ்சு, கதவு, தட்டச்சு, காலண்டர் ஆகியவற்றைப் பற்றி. ஒரு சேவையை எடைபோட அவை போதும்.

முதலில் வாசல். துறை அறிவிப்புப் பலகையில் ஒரு போஸ்டர் இருந்தது. ஒரு பெண்ணின் நிழலுருவம், நிறுத்து என்று நீட்டிய கை, கீழே ஒன்பது பெயர்கள். அதில் முதல் பெயருக்கு உரியவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் எண்ணுக்கு அழைத்தால், பாவம், பேரனை மடியில் வைத்துக்கொண்டு பேசினார். "இப்போ யாருன்னு எனக்குத் தெரியலையேம்மா" என்றார். மின்னஞ்சல் திரும்பி வந்தது. பல்கலைக்கழக இணையதளத்தில் இருந்த பட்டியலோ வேறு. சரியான அறையைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினாறு நாள் ஆனது. அந்த அறை நிர்வாகக் கட்டடத்தின் முதல் மாடியில், உதவித்தொகைப் பிரிவுக்கு நேர் எதிரே இருந்தது. மாதத்தின் முதல் வாரத்தில் அந்த நடைபாதையில் குறைந்தது முப்பது பேர் வரிசையில் நிற்பார்கள். நீங்கள் யார், எந்தக் கதவைத் தட்டுகிறீர்கள் என்று அத்தனை பேருக்கும் தெரியும். வாசலுக்கு என் மதிப்பெண் அரை நட்சத்திரம். கதவு பூட்டியிருக்கவில்லை என்பதற்காக அந்த அரை.

பதினாறு நாள் என்பது சின்ன விஷயம் இல்லை. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசியாக நடந்த நாளிலிருந்து கணக்கு. தகுந்த காரணம் இருந்தால், அதை எழுத்தில் பதிவுசெய்து, கமிட்டி இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. என் கைடு நல்ல மனிதர். கேட்டதும் முகம் வாடி, "தீசிஸ் முடியட்டும்மா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். தீசிஸ் முடிய ஒன்றரை வருடம் இருந்தது, சட்டம் கொடுத்ததோ மூன்று மாதம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவரும் அந்தச் சட்டத்தைப் படித்ததில்லை, அவ்வளவுதான். நான் புகார் கொடுத்தது 81-ஆம் நாள்.

படிவத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அப்பா பெயர் கேட்டார்கள். எனக்கு 27 வயது. சாதிச் சான்றிதழ் எண்ணுக்குக்கூட ஒரு கட்டம் இருந்தது. வேறு ஏதோ விண்ணப்பத்திலிருந்து எடுத்து ஒட்டியிருக்க வேண்டும். கீழே, 'துறைத் தலைவர் வழியாக' என்று அச்சடித்து அவர் கையெழுத்துக்கு இடம். அதாவது, என் துறையில் நடந்ததைப் பற்றி நான் எழுதிய நான்கு பக்கத்தை முதலில் என் துறைத் தலைவர் படித்து, முன்மொழிந்து அனுப்ப வேண்டும்!

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி இதற்கென்று ஒரு விதிமுறை வைத்திருக்கிறது. பெயரில் 2015 என்று இருக்கும், அரசிதழில் வந்தது 2016 மே 2. அதை இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். துறைத் தலைவர் கையெழுத்து வேண்டும் என்று எங்குமே இல்லை. துறைத் தலைவர், டீன், பதிவாளர், துணைவேந்தர் போன்ற பதவியில் இருப்பவர்கள் கமிட்டியில் உறுப்பினராகவே இருக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. உள்ளே உட்காரவே கூடாதவர் வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கலாமா? அந்தப் பக்கத்தை அச்செடுத்து, மஞ்சள் கோடு போட்டு, பிரிவு எழுத்தரிடம் நீட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். "சரி, அந்த இடத்தை வெறுமையா விட்டுடுங்க" என்றார். இவ்வளவுதான். யாரும் சண்டை போடவில்லை. எனக்கு முன்னால் எத்தனை பேர் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டுப் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்களோ.

படிவத்தின் அடியில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி: 'பொய்ப் புகார் அளித்தால் நடவடிக்கை எடுக்கப்படும்.' சட்டத்தில் இப்படி ஒரு பிரிவு இருக்கிறது, 14-ஆம் பிரிவு, உண்மைதான். ஆனால் புகாரை நிரூபிக்க முடியாமல் போனதாலேயே அது பொய்ப் புகார் ஆகிவிடாது என்று அதே பிரிவில் அடுத்த வாக்கியம் இருக்கிறது. வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று தனியாக விசாரித்து நிறுவ வேண்டும். அந்த இரண்டாம் பாதியைப் படிவத்தில் காணோம். மருந்துப் பெட்டியில் பக்கவிளைவை மட்டும் அச்சடித்துவிட்டு அளவை விட்டுவிட்டது போல. இதை எழுதிக் கொடுத்தேன். இப்போது சேர்த்திருக்கிறார்கள், கொஞ்சம் பொடி எழுத்தில்.

2013 விதிகளின்படி புகாரை ஆறு பிரதி கொடுக்க வேண்டும், ஆவணங்களோடு, சாட்சிகளின் பெயர் முகவரியோடு. என் புகார் 4 பக்கம், இணைப்பு 37 பக்கம். எனக்கு ஒன்று சேர்த்து ஏழு பிரதி, 287 தாள். வளாகத்துக்குள் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் தாளை அடுக்கும்போது ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் அடுக்குவார். நல்ல பழக்கம், ஆனால் அன்றைக்கு வேண்டாத பழக்கம். பேருந்தில் இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய், கூட்டமில்லாத கடையில், "அண்ணா, நானே போட்டுக்கறேன்" என்று இயந்திரத்தின் முன்னால் நின்றேன். எழுத முடியாத நிலையில் ஒருவர் இருந்தால் எழுதிக்கொள்ளக் கமிட்டி உதவ வேண்டும் என்றும் சட்டத்தில் உண்டு. அதைப் படிவம் சொல்லாது. கேட்டால் செய்கிறார்கள்.

கேட்டால் செய்கிறார்கள் என்பதை நான் கடைசிவரை திரும்பத் திரும்பப் பார்த்தேன். இந்தச் சேவை தானாக எதையும் நீட்டுவதில்லை. எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் மறுப்பதும் இல்லை.

முதல் சந்திப்புக்கு வருகிறேன். தலைவியாக இருப்பவர் வேறு ஒரு துறையின் பேராசிரியர். பல்கலைக்கழகம் என்றால் தலைவி பேராசிரியர் நிலைக்குக் குறையாத பெண்ணாக இருக்க வேண்டும் என்பது விதி. கூட இரண்டு ஆசிரியர்கள், ஆசிரியர் அல்லாத ஊழியர் இருவர், வெளியிலிருந்து தொண்டு நிறுவனப் பின்னணி உள்ள ஓர் அம்மா, மாணவர் தொடர்பான புகார் என்பதால் மூன்று மாணவர்கள். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். எங்களுடையதில் ஆறு பேர்.

நான்கு பக்கத்தையும் அவர்கள் ஏற்கெனவே படித்திருந்தார்கள். எங்கே ஆரம்பிப்பார்கள் என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது தலைவி கேட்ட முதல் கேள்வி, "இப்போ உங்களுக்கு என்ன வேணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. என்ன நடந்தது என்பதை நாள், நேரம், இடம் என்று எழுதியிருந்தேன். என்ன வேண்டும் என்று ஒரு வரி எழுதவில்லை. அவரைத் தண்டிக்க வேண்டும் என்று சொல்லத் தோன்றியது, ஆனால் அது பல மாதம் கழித்து வரப்போகிற விஷயம். நாளைக் காலை நான் எந்தப் படியில் ஏறி எந்த அறைக்குப் போவது? வெளி உறுப்பினர் அம்மாதான் விளக்கினார். விசாரணை நடக்கும்போதே இடைக்கால நிவாரணம் கேட்கலாமாம். இருவரில் ஒருவரை வேறு பிரிவுக்கு மாற்றலாம். சலுகைகள் எதுவும் போகாமல் மூன்று மாதம் வரை விடுப்பு தரலாம். எதிர்த்தரப்பு என் வேலையையோ தேர்வையோ மதிப்பிடக் கூடாது என்று தடுக்கலாம். என்னிடமிருந்து விலகி இருக்கும்படி எச்சரிக்கலாம். "இதெல்லாம் உங்க உரிமை. ஆனா நீங்க எழுதிக் கேக்கணும்" என்றார். அங்கேயே ஒரு ஏ4 தாளை வாங்கி ஐந்து வரி எழுதிக் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் உத்தரவு வந்தது.

இந்தச் சேவையில் எனக்குக் கிடைத்தவற்றில் மிக நல்லது அந்த ஒன்றரைப் பக்க உத்தரவுதான். ஐந்துக்கு ஐந்து. என் ஆய்வு அறிக்கையில் யார் கையெழுத்துப் போடுவது என்பது மாறியது. கருவி அறைக்கு எனக்குத் தனி நேரம் வந்தது. அதுவரை மூன்று மாதமாக நான் இரவு எட்டு மணிக்கு மேல்தான் ஆய்வகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன், யாரையும் எதிர்ப்படாமல் இருக்க. உத்தரவு வந்த மறுநாள் காலை ஒன்பதரைக்குப் போனேன். ஜன்னல் பக்கம் வெயில் விழும் மேசை என்னுடையது, அது எனக்கே மறந்துபோயிருந்தது. விடுப்பு மட்டும் கேட்கவில்லை. ஃபெலோஷிப் கணக்கில் ஏதாவது குழப்பம் வரும் என்று பயந்தேன். வராது என்று பிறகு தெரிந்தது. கேட்டிருக்கலாம்.

இனி ரகசியம். இங்கேதான் எனக்குக் கோபம். மூன்றாவது வாரத்தில் விடுதியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் நான் போனால் பேச்சு நின்றது. கமிட்டி உறுப்பினர் யாரோ வாய் தவறியிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகச் சந்தேகப்பட்டேன், முக்கியமாக அந்த மாணவர்களை. காரணம் கடைசியில் தபால் பதிவேடு. கமிட்டியிலிருந்து போகும் கடிதங்களைப் பதிவுசெய்யும் நீளமான நோட்டில் 'பொருள்' என்று ஒரு பத்தி உண்டு. அதில் 'பாலியல் புகார், ஆய்வு மாணவி' என்றும் துறையின் பெயரும் அழகான கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. துறையில் பெண் ஆய்வாளர்கள் நாங்கள் மூன்று பேர். அந்த நோட்டு கவுன்ட்டரில் திறந்தே கிடக்கும். யார் வேண்டுமானாலும் தன் கடிதம் போய்விட்டதா என்று புரட்டிப் பார்ப்பார்கள். யாரும் வஞ்சகம் செய்யவில்லை, கட்டத்தை நிரப்பியிருக்கிறார்கள். நான் எழுதிக் கொடுத்த பிறகு 'ரகசியம், எண் 4' என்று மட்டும் எழுத ஆரம்பித்தார்கள். ரகசியத்தை மீறுபவருக்கு விதிகளில் உள்ள அபராதம் 5,000 ரூபாய். 2024 டிசம்பரில் சென்னையில் ஒரு மாணவி போலீசில் கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை அவர் விவரங்களோடு வெளியே கசிந்தபோது, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். கசிவின் விலை என்ன என்று அந்த நீதிபதிகளுக்குப் புரிந்திருக்கிறது. ரகசியத்துக்கு ஒரு நட்சத்திரம், அதுவும் பிறகு திருத்திக்கொண்டதற்காக.

விசாரணை நாட்கள். முதல் அமர்வின்போது என்னையும் எதிர்த்தரப்பையும் ஒரே நடைபாதையில், ஒரே பெஞ்சுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்காரவைத்தார்கள். இருபது நிமிடம். எதிர்ச் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியின் பயன்பாட்டு விதிகள் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். அறைக் கதவில் கண்ணாடி வேறு. அடுத்த அமர்வுக்கு முன் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன்: தனித்தனி நேரம் வேண்டும், கண்ணாடியை மறைக்க வேண்டும், நேருக்கு நேர் கேள்வி வேண்டாம். மூன்றும் கிடைத்தன. முக்கால் மணி நேர இடைவெளி விட்டு வரச் சொன்னார்கள். கண்ணாடியில் நாளிதழை ஒட்டியிருந்தார்கள், ராசிபலன் பக்கம் வெளியே தெரியும்படி. அவர் தரப்புக் கேள்விகள் எழுத்தில் தலைவிக்குப் போய், அவர் வழியாக எனக்கு வந்தன.

இருவருமே வக்கீலைக் கூட்டிவர முடியாது. இது எனக்கு முதலில் பயமாக இருந்தது, பிறகு நிம்மதியாக. கமிட்டிக்கு ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லவும் சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு, ஆனால் அறை நீதிமன்றம் மாதிரி இல்லை. தேர்வுத்தாள் திருத்தும் அறை மாதிரி இருந்தது.

நான் சொல்லச் சொல்ல ஓர் ஊழியர் தட்டச்சு செய்தார். வேகமானவர், ஆனால் சுருக்குகிற கை. படித்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று தாளை நீட்டியபோது எனக்குக் களைப்பில் கண் ஓடவில்லை. பேனாவை எடுத்துவிட்டேன். அப்போதுதான் மூன்று மாணவர்களில் இளையவள், இளநிலை மாணவி, பத்தொன்பது வயதிருக்கலாம், மெதுவாகச் சொன்னாள்: "மேடம், அந்த மூணாவது வரி. அக்கா அப்படிச் சொல்லலை." ஒரு வினைச்சொல் மாறியிருந்தது. எந்தச் சொல் என்று நான் சொல்லக் கூடாது. ஆனால் அந்த ஒரு சொல் அப்படியே நின்றிருந்தால் நான் சொன்ன முழுவதும் வேறொன்றாகியிருக்கும். பெரியவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. இத்தனைக்கும் அவளை எதற்கு இந்த அறையில் உட்காரவைத்திருக்கிறார்கள், சின்னப் பெண், வெளியே போய்ப் பேசிவிடுவாளே என்று அதுவரை நான் அவளைப் பார்க்காமல் தவிர்த்துக்கொண்டிருந்தேன். மாணவர் உறுப்பினர்களைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது யுஜிசி விதி. எங்கள் வளாகத்தில் நியமித்துவிட்டார்கள். விதிமீறலில் கிடைத்த நல்ல பிள்ளை.

காலண்டர் விஷயத்தில் நான் கொஞ்சம் மனம் மாறியிருக்கிறேன். தாளில் இருக்கிற கணக்கு இப்படி: புகார் வந்து 7 நாளில் எதிர்த்தரப்புக்குப் பிரதி, 10 நாளில் அவர் பதில், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும், அதிலிருந்து 10 நாளில் அறிக்கை, அறிக்கை கைக்கு வந்த 30 நாளில் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். எனக்கு நடந்தது: பிரதி போனது 12-ஆம் நாள். விசாரணைக்கு 131 நாள். நிர்வாகத்துக்கு 68 நாள். ஒவ்வொரு முறை அவர் தரப்பில் அவகாசம் கேட்கும்போதும் கொடுத்தார்கள். சாட்சியை மறுபடி கேட்க வேண்டும் என்றால் அதற்கும் ஒரு நாள். நான் ஒருமுறை வெடித்துவிட்டேன். "இது யாருக்கான கமிட்டி?" என்று நடைபாதையிலேயே கேட்டேன்.

வெளி உறுப்பினர் அம்மா என்னைக் கீழே மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய், வழக்கைப் பற்றி எதுவும் பேசாமல், கோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் வழக்கைப் பற்றிச் சொன்னார். மாணவிகள் கொடுத்த புகார். 2009-ல் அங்கே கமிட்டி அவசர அவசரமாக அமர்வுகளை வைத்து விசாரணையை முடித்தது. அவர் வேலையும் போனது. 2023 மே 12 அன்று உச்ச நீதிமன்றம், தற்காத்துக்கொள்ள அவருக்கு நியாயமான வாய்ப்புத் தரப்படவில்லை என்று எல்லாவற்றையும் ரத்துசெய்து, விசாரணை கோணலான இடத்திலிருந்து மறுபடி நடத்தச் சொல்லித் திருப்பி அனுப்பியது. பதினான்கு வருடம் கழித்து. அந்த மாணவிகளுக்கு அப்போது என்ன வயதாகியிருக்கும் என்று அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எதிர்த்தரப்பு கேட்ட அவகாசங்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. விசாரணை 131 நாள் ஆனதை மன்னித்துவிட்டேன். 68 நாளை மன்னிக்கவில்லை. அதில் யாருடைய உரிமையும் இல்லை. கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகராமல் கிடந்தது, அவ்வளவே. அறிக்கையின் பிரதி எனக்கும் வர வேண்டும் என்பது விதி. அதையும் இரண்டு முறை எழுதிக் கேட்டுத்தான் வாங்கினேன்.

நடுவில் துறைத் தலைவர் ஒருநாள் கூப்பிட்டு, "சமரசம்னு ஒரு வழி இருக்காமேம்மா, பேசி முடிச்சுக்கலாமே" என்றார். இருக்கிறது, 10-ஆம் பிரிவு. புகார் கொடுத்தவர் தானாகக் கேட்டால் மட்டும், பணம் கைமாறக் கூடாது என்ற நிபந்தனையோடு. "நான் கேக்கலையே சார்" என்றேன். பேச்சு அதோடு நின்றது. அவர் கமிட்டியின் ஆள் இல்லை என்பதால் இதற்கு நட்சத்திரம் குறைக்கவில்லை.

போலீசுக்குப் போகும் வழியும் திறந்துதான் இருந்தது. பாலியல் துன்புறுத்தல் என்பது பாரதிய நியாய சன்ஹிதாவில் 75-ஆம் பிரிவு, முன்பு ஐபிசி 354ஏ. போக விரும்பினால் நிறுவனம் உதவ வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, அதைத் தலைவி முதல் நாளே சொல்லிவிட்டார். நான் போகவில்லை, அது என் முடிவு. கவுன்சலிங் உண்டு, செவ்வாயும் வெள்ளியும் ஒருவர் வருகிறார். நன்றாகக் கேட்கிறார். அவர் அறையின் மின்விசிறிதான் அவரைவிட அதிகம் பேசும்.

முடிவு என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். சட்டம் அனுமதிக்கிற அளவுக்குச் சொல்கிறேன்: நீதி கிடைத்தது, முழுதாக இல்லை. சிலவற்றை ஏற்றார்கள், சிலவற்றுக்குச் சான்று போதவில்லை என்றார்கள். 'சான்று போதவில்லை' என்ற சொற்களை நான் முதலில் 'நீ பொய் சொன்னாய்' என்று படித்து இரண்டு நாள் அழுதேன். பிறகு அந்த 14-ஆம் பிரிவின் இரண்டாம் வாக்கியத்தை எடுத்து மறுபடி படித்தேன்.

இந்தச் சேவையைப் பரிந்துரைப்பேனா? ஆமாம். போன மாதம் ஒரு ஜூனியர் பையன் தயங்கித் தயங்கி வந்து, "அக்கா, போஸ்டர்ல பொண்ணு படம்தானே இருக்கு, எனக்கும் உண்டா?" என்றான். 2013 சட்டம் பெண்களுக்கானதுதான். ஆனால் யுஜிசி விதிமுறை ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலின மாணவர்களும் பாதிக்கப்படுகிறார்கள் என்பதைப் பெயர் சொல்லியே ஏற்கிறது, வளாகத்துக்கு அது போதும். உண்டு என்றேன். என் விதிமுறைப் பிரதியை, மஞ்சள் கோடுகளோடு, அவனிடம் கொடுத்தேன். கடைசியாக நடந்த தேதியை இன்றைக்கே எழுதி வை, என்ன வேண்டும் என்று ஐந்து வரி எழுதிக்கொண்டு போ, வாங்கிக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்காமல் வராதே, தட்டச்சு செய்த தாளை வீட்டுக்குப் போகிற அவசரத்தில் படிக்காதே என்றும் சொன்னேன். மாதத்தின் முதல் வாரத்தில் போகாதே, உதவித்தொகை வரிசை நிற்கும் என்றும்.

கூட்டிப் பார்த்தால் ஐந்துக்கு மூன்று. அந்த மூன்றில் இரண்டு, சரியாகச் சொன்னால், மூன்று பேருக்குச் சேர வேண்டியவை: "என்ன வேணும்" என்று கேட்ட தலைவி, மரத்தடிக்குக் கூட்டிப்போன அம்மா, மூன்றாவது வரியைப் படித்த அந்தப் பெண். கமிட்டி உறுப்பினர்களின் பதவிக்காலம் மூன்று வருடம். தலைவிக்கு வரும் ஜூனோடு முடிகிறது. இளநிலை மாணவி இந்த வருடம் படிப்பை முடித்துக்கொண்டு போகிறாள். அடுத்து யார் என்று அலுவலகத்தில் கேட்டேன், இன்னும் கோப்பு போடவில்லை என்றார்கள். ஆகவே இந்த மூன்று நட்சத்திரம் ஜூன் வரைக்கும்தான் செல்லும்.